பள்ளிக்குச் சென்ற கிளி

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்வியின் இலட்சியம், கல்லூரியின் பணி என்பன போன்ற பெரும் பொருள்கள் எம் நினைவுக்கு வந்தன. அவற்றை எழுதவல்ல அறிஞர் நம் பழைய மாணவருள்ளே பலர் உளர். நாமோ ஒரு கிளியைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அக்கிளியின் பொருட்டு நாம் செய்த பிழை ஒன்றும் இதனுள் அடங்கும்.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற அன்பர் ஒருவர் மஸ்கெலியாப் பகுதியிலே தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபராய் இருக்கின்றார். தேயிலை மலையின் மடியில், லயங்களுக்குச் சற்று மேலே அமைந்த சிறு பாடசாலை அது. 1960களின் பிற்பகுதியிலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. கடும் வறட்சியிலே நீர் வற்றுங்கால் பழைய கோயிலின் எச்சங்கள் வெளிப்படுவதைக் காணச் சனங்கள் திரள்வர். அந்த நீர்ப்பரப்பை நோக்கியே அப்பாடசாலையின் சாளரங்கள் திறக்கின்றன. அன்பர் எம் வீட்டுக்கு வந்திருந்த சமயம் எம் கிளியின் பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, "இதை எங்கள் பிள்ளைகளுக்கு ஒருநாள் காட்ட வேண்டும்" என்றார். நாமும் இசைந்தோம்.

அற்றனிலிருந்து நோர்வூட் வழியாகப் பஸ்ஸிலே கூட்டை மடிமீது வைத்து, துவாயால் மூடிக்கொண்டு சென்றோம். எம் கிளி கழுத்திலே செந்நிற வளையம் உடைய செந்தார்க் கிளி. வெப்பமான தாழ்நிலத்துக்கு உரிய அப்பறவை மலைக் குளிரிலே இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி இருந்தது. வகுப்பறையிலே முப்பது பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, வீட்டிலே ஓயாது பேசும் அது வாய் திறக்கவே இல்லை. அரைமணி நேரம் அதற்குப் பதிலாக நாமே பேசினோம். ஈற்றிலே, கதவருகே ஓர் ஆசிரியை வரக் கண்டதும், "வாங்கோ, இருங்கோ" என்றதே! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். "வாங்க" என்று சொல்லிப் பழகிய அவர்களுக்கு அது யாழ்ப்பாணத்துக் கிளி என்பது அக்கணமே விளங்கிற்று.

அதன் பின்னர் நடந்தது பாடம் அன்று, கேள்விக் கணைகள். ஒருவன் கொச்சிக்காய் ஒன்றை நீட்டினான். கிளி அதனை நிதானமாகக் கடித்துத் தின்றது. "ஒறைக்காதா சேர்?" எம் நாவைச் சுடும் காரப்பொருள் பறவையின் நரம்பைத் தீண்டுவதில்லை, ஆதலாலேதான் அவை கொச்சிக்காயை உண்டு அதன் வித்தை ஊரெங்கும் பரப்புகின்றன என்று சொன்னோம். இன்னொருத்தி ஆனைக்கொய்யாத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதனை ஓடித் தடுத்தோம். மனிதர்க்கு நல்லுணவான அக்கனி கிளிக்கு நஞ்சாகும். கால்விரல்கள் நான்கனுள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாய் இருப்பதை முதலிற் கண்டவன், வாசிப்பிலே மிகவும் பின்தங்கியவன் என்று அதிபர் கருதியிருந்த ஒரு சிறுவன். அவன் தன் விரல்களை அவ்வாறே மடக்கி மேசை விளிம்பைப் பற்றிக் காட்டினான். இத்துணைக் கூர்மை அப்பிள்ளையிடம் உண்டென்பது அன்றுதான் தமக்குத் தெரிந்தது என்று அதிபர் எம்மிடம் கூறினார்.

"சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை" என்று நாம் இகழ்வது வழக்கம். உண்மையிலே ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டு நம் பிள்ளைகளைக் கிளிகளாக்குபவர் நாமேயன்றோ? 1918ஆம் ஆண்டிலே தாகூர் இப்பொருள்பற்றி ஒரு கதை எழுதினார். அரசன் ஒருவன் தன் கிளிக்குக் கல்வி புகட்ட விரும்பினான். பொற்கூடும் பண்டிதரும் ஏடுகளும் வந்து சேர்ந்தன. ஏடுகளைக் கிழித்துக் கிளியின் வாயிலே திணித்தனர். கிளி மாண்டது. கூட்டுக்குப் பொன் பூசியவர் யாவரும் செழித்தனர். இக்கதை ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் தொங்கவேண்டியது. இனி, கிளியே வெறும் ஒப்பிப்பதன்று என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவிலே ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அம்மையார் 1977 தொடக்கம் அலெக்ஸ் என்னும் ஆபிரிக்கச் சாம்பற் கிளிக்குப் பயிற்சி அளித்தார். 2007இலே அது இறப்பதற்கு முன்னர் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்தறிந்து சொல்லவும், ஆறுவரை பொருள்களை எண்ணவும் கற்றிருந்தது. கேட்டதற்கு விடை சொன்ன கிளி அது.

இவ்வளவும் எமக்குப் பெருமிதமே தந்தது. ஆயின், அன்று ஒரு சிறுமி கேட்ட கேள்விக்கு நாம் அளித்த விடையே பின்னர் எம்மை வருத்திற்று. "இது எங்க புடிச்சது சேர்?" என்றாள் அவள். பட்டுப்போன பனையின் பொந்திலே குஞ்சாய் இருக்கும்போது எடுத்தது, சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தோம் என்று நாம் சிரித்துக்கொண்டே சொன்னோம். உண்மையைச் சொன்னதிலே பிழையில்லை. ஆயினும் எவ்வளவு எளிதான காரியம்போல அதனைச் சொல்லிவிட்டோம்!

மூன்று கிழமைகள் கழிந்தபின் அன்பர் தொலைபேசியிலே அழைத்தார். சிவனொளிபாத மலை யாத்திரை நடைபெறும் காலம் அது. தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லையிலே நின்ற மரமொன்றில் சிறுவர் சிலர் ஏறிப் பொந்தைத் துளாவி இரு குஞ்சுகளை எடுத்தனராம். ஏறியவருள் ஒருவன் வழுக்கி விழுந்து முழங்கையைக் காயப்படுத்திக்கொண்டான். குஞ்சுகளுக்குத் தேநீரில் நனைத்த பாணை ஊட்டினர். நான்காம் நாள் இரண்டும் இறந்தன. பாடசாலைத் தோட்டத்திலே புதைத்தார்கள். "எங்களுக்கும் பேசும் எண்டு நினைச்சோம்" என்றானாம் காயமுற்ற சிறுவன்.

அக்குஞ்சுகள் எம் கிளியின் இனத்தவை அல்ல. சாம்பல் கலந்த நீலத் தலையும், கழுத்திலே பச்சை வளையமும், நுனி மஞ்சளான நீல வாலும் கொண்ட மலைக்கிளி அது. சிங்களத்திலே 'அலு கிரவா' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கு அரசபணி புரிந்து பறவைகளைச் சேகரித்த லேயார்டு என்பவரின் பெயரால் ஆங்கிலத்திலும், அவருடைய மனைவியின் குலப்பெயரால் விஞ்ஞானத்திலும் வழங்கப்படுவது. ஆணுக்கு மேலலகு சிவப்பு, பெண்ணுக்கு அலகு கறுப்பு. இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் அவ்வினம் இல்லை. லயத்து வாசலிலே நின்று அண்ணாந்து பார்த்தாற் காணக்கூடிய அப்பறவையின் பெயரை அவ்வகுப்பிலே ஒருவருக்கும் யாம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் கூட்டுக்கிளியைச் சுமந்துகொண்டு எழுபது வளைவுகள் ஏறிச் சென்ற எமக்கு, தலைக்கு மேலே கூவிப் பறந்தது கண்ணிற் படவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய பறவைகளைக் காக்கவே உள்ளது. சிறுவர்மேற் சட்டத்தை ஏவ எவரும் எண்ணார். ஆனால் ஆசையை மூட்டியவர் நாமன்றோ?

ஆகவே செல்லப் பிராணிகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகலாகாது என்போமா? சில நண்பர் அவ்வாறே வாதிக்கின்றனர். கிளியின் உலர்ந்த எச்சத் தூசியால் மனிதரைப் பற்றும் சுரநோய் ஒன்றுண்டு என்பதும் அவர் கூற்று. அது மெய்தான். நோயற்ற பறவையைக் கொண்டுசென்று, கூட்டை முன்னரே தூய்மை செய்து, தொட்ட பிள்ளைகளைக் கைகழுவச் செய்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். எமது எண்ணம் வேறு. கொச்சிக்காயைக் கண்டு வியந்த அச்சிறுவரின் முகங்களை நாம் மறக்கவில்லை. விரலை மடக்கிக் காட்டிய பிள்ளையையும் மறக்கவில்லை. அக்காலையைப் பிள்ளைகளுக்கு மறுப்பது சரியன்று. கிளியைக் கொண்டுசெல்பவர் அதன் பேச்சை மட்டும் காட்டித் திரும்பாது, அது இழந்ததையும் சொல்லவேண்டும் என்பதே எம் கருத்து. எம் கிளியை இனிப் பறக்கவிடவும் இயலாது. குஞ்சுப் பருவம் முதல் கையால் ஊட்டப்பட்ட அது இரைதேடவும் பருந்துக்கு ஒளிக்கவும் கல்லாதது. பதினொரு ஆண்டாகக் கூட்டிலே இருப்பதற்கு அது செய்த குற்றம் யாது என்று அச்சிறுமி கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

சென்ற மாதம் மீண்டும் போனோம், இம்முறை கிளியின்றி. மாலையிலே பிள்ளைகளோடு காட்டெல்லைக்கு நடந்தோம். முழங்கைக் காயம் ஆறிய சிறுவனே வழிகாட்டி. ஆறு கிளிகள் கூவிக்கொண்டு நீர்த்தேக்கத்தின் பக்கமாகப் பறந்தன. எம் கையிலிருந்த பழைய இருகண் தொலைநோக்கி ஒன்றுக்காக முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றனர். கடைசிப் பிள்ளையின் முறை வருமுன் இருட்டிவிட்டது. நம் பழைய மாணவர் சங்கம் மலையகப் பாடசாலைகளுக்கு எதனை வழங்கலாம் என்று ஆலோசிப்பதாக அறிகின்றோம். ஒரு பாடசாலைக்கு நான்கு தொலைநோக்கிகளேனும் வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.