வீட்டுக் கணக்கு: அத்தைக்கு ஏற முடியாத கார்

சென்ற இதழில் மளிகைப் பட்டியலைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "எங்கள் வீட்டில் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அடுத்த முறை சொல்கிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். நகைச் சீட்டா, பெண்ணின் காலேஜ் பீஸா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டும் இல்லை. அது எங்கள் கார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. என் மாமனார் 1972-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வயதான வாசகிகளுக்கு நினைவிருக்கும். வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். முதலில் வந்தவற்றுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வண்டி பிறகுதான் வந்தது. எங்களுடையது அந்த இரண்டு கதவு ஜாதி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த முன்பாகமும் முதலை வாயைத் திறந்த மாதிரி முன்பக்கமாகக் கவிழும். தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள் என்று இவர் எல்லோரிடமும் சொல்வார். கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்ன முதல் பத்து வாக்கியங்களில் இது ஒன்று!

மாமனார் அதை நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி வைத்திருந்தார். செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதில்தான் அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம். (1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்துவிட்டது.) எடை குறைய வேண்டும் என்று பின்சீட்டைக் கழற்றிவிட்டு, இரட்டை கார்புரேட்டர் வைத்து, மாமனார் சோழவரத்தில் நாலைந்து வருஷம் ஓட்டினார். கப் ஏதும் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு போட்டோ இருக்கிறது. அதில் எண்ணெய்க் கறையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் 2009-ல் காலமானதும் வண்டி இவர் பேருக்கு வந்தது.

நானும் அந்தக் காரை வெறுத்தவள் இல்லை. 2005-ல் கல்யாணமாகி வந்த எனக்கு அதில்தான் கியர் போடச் சொல்லிக் கொடுத்தார். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, ஈ.சி.ஆர். ரோடில் மகாபலிபுரம் போய், காபி குடித்துவிட்டு, மாமியார் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் திரும்பி வந்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது மற்ற வீட்டு ஆண்கள் பிரிட்ஜைத் தூக்கினார்கள். இவர் பக்கத்துத் தெரு மேட்டுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் தள்ளியது நான்தான்!

ஆனால் இப்போது நாங்கள் ஐந்து பேர். பெண் பிளஸ் டூ, பையனுக்கு எட்டு வயசு. அடுக்குமாடி வீட்டில் எங்களுக்குக் கூரை போட்ட கார் இடம் ஒன்றே ஒன்று. அதில் ஹெரால்டு நிற்கிறவரை வேறு கார் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் என் ஸ்கூட்டர். குடும்பமாகப் போவதென்றால் கால் டாக்ஸி.

இப்படியே ஓட்டியிருப்போம். 2024 அக்டோபரில் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆயிற்று. டிஸ்சார்ஜ் செய்யும்போது பிசியோதெரபி செய்கிற பெண் என்னை உட்கார வைத்து வகுப்பே எடுத்துவிட்டாள். தாழ்வான ஆசனத்தில் உட்காரவே கூடாது. முட்டி இடுப்பைவிட மேலே வரக் கூடாது. அத்தைக்கு மூன்று மாதக் கெடு. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால் உபயோகப்படும் என்பதால், காரில் ஏற்றும் விதத்தை அவள் சொன்னபடி எழுதுகிறேன். ஆளுக்கு ஆள் விதி மாறும். உங்கள் டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, சாய்வைக் கொஞ்சம் படுக்க வைக்க வேண்டும். சீட் பள்ளமாக இருந்தால் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்று. அதன் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் கவர் விரித்தால் உடம்பு சுலபமாகத் திரும்பும். வண்டி கிளம்புமுன் கவரை உருவிவிட வேண்டும். பிளாட்பாரத்தை ஒட்டி வண்டியை நிறுத்தக் கூடாது. மேட்டில் நின்று உட்கார்ந்தால் சீட் இன்னும் தாழ்வாகிவிடும் அல்லவா? தரையில் நின்று, முதுகைச் சீட்டுக்குக் காட்டி, கால் சீட்டில் முட்டும் வரை பின்னால் வந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னே நீட்டியபடி மெதுவாக உட்கார வேண்டும். அப்புறம் உடம்பும் காலும் சேர்ந்தே உள்ளே திரும்ப வேண்டும். தலைக்கு மேலே நம் கையை வைத்துக்கொண்டால் இடிக்காது.

நாலாவது வாரம் டாக்டரிடம் காட்டப் போகிற நாள். நவம்பர் மழை. டாக்ஸி ஒன்று வருகிறேன் என்று கேன்சல், இரண்டாவதும் கேன்சல். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. இவர் பேசாமல் போய் ஹெரால்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்தார். அந்தச் சீட் தரையிலிருந்து ஒரு முக்காலி உயரம்கூட இல்லை. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மெத்தைத் துண்டும் பிளாஸ்டிக் கவருமாய் நிற்கிறேன். மெத்தை போட்டால் தலை கூரையில் இடிக்கும், போடாவிட்டால் இடுப்பு மடங்கும். இவர் சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். கடைசியில் மூன்றாம் மாடி சார் தம் காரில் கொண்டுபோய் விட்டார்.

அன்று ராத்திரி இவர் சொன்னார், "வித்துடலாமான்னு தோணுது. நீயே முடிவு பண்ணு."

இந்த 'நீயே முடிவு பண்ணு' இருக்கிறதே! எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள். விற்றால், நான் விற்க வைத்தேன் என்று ஆகும். விற்காவிட்டால், அத்தை கஷ்டப்பட்டதற்கு நான் காரணம் என்று ஆகும். "முடிவு பண்றதுன்னா ரெண்டு பேரும் உக்காந்து பண்ணலாம், தனியா என் தலையில கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, என் நோட்டை எடுத்தேன்.

கணக்கு இதுதான். ஹெரால்டுக்கு இன்சூரன்ஸ், டியூனிங், டயர், பேட்டரி, தேடித் தேடி வாங்கும் சாமான் எல்லாம் சேர்த்து அந்த வருஷம் 42,000 ரூபாய். ஓடியது 1,100 கிலோமீட்டர். அந்த வருஷம்தான் ஆர்.சி. புதுப்பித்தோம். 2019-ல் 600 ரூபாய் கட்டிய இடத்தில், 2022 ஏப்ரலில் கட்டணத்தை உயர்த்திவிட்டதால் 5,000. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டாக்ஸிக்கு மட்டும் 31 முறை, 9,610 ரூபாய். இவற்றை எழுதிக் காட்டினபோது இவர் மறுத்துப் பேசவில்லை. "பின்சீட்டைத் திரும்ப மாட்டினால்?" என்றார். மாட்டலாம். ஆனால் இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் பின்னால் நுழைய வேண்டும். அத்தையால் ஜன்மத்துக்கும் முடியாது. பையனுக்கும் பெல்ட் கிடையாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அபராதம் கிடக்கட்டும், பிரேக் போட்டால் குழந்தை எங்கே போய் இடிக்கும்?

அடுத்து வின்டேஜ் பதிவு. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அந்த நம்பர் வாங்கிவிட்டால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய என்று போகலாமே தவிர, தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கக்கூடப் போக முடியாத கார் ஒரே ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்குமா? பூந்தமல்லிப் பக்கம் ஷெட்டில் விட மாசம் 3,000 கேட்டார்கள். நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அண்ணி, அது அப்பா கார், விக்கவே கூடாது" என்று அழுதாள். "அப்ப உங்க வீட்டுல நிறுத்திக்கறீங்களா?" என்றேன். அவள் வீட்டிலும் இடம் இல்லையாம்.

இத்தனையிலும் அத்தையிடம் மட்டும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மாமனார் ஞாபகமாக இருக்கிற கார். படுத்திருக்கிறவர்களிடம் அதை விற்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? வெளியில் போய்ப் பேசுவோம், சமையலறையில் குசுகுசுப்போம். ஒருநாள் என் பெண் பாட்டிக்குக் கால் பயிற்சி செய்துவிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டுவிட்டாள், "பாட்டி, நம்ம காரை வித்தா நீங்க அழுவீங்களா?"

எனக்குக் கையிலிருந்த கரண்டி விழாத குறை.

"எதுக்கு அழணும்? இத்தனை வருஷமா என்னை யாரு கேட்டீங்க?" என்றார்கள் அத்தை. கேட்டதும் கொட்டிவிட்டார்கள். அந்த இரட்டை கார்புரேட்டர் எந்தப் பணத்தில் வந்தது தெரியுமா? அத்தையின் பிறந்த வீட்டு வளையல் இரண்டு. சோழவரத்துக்குக் கிளம்புகிற அன்று புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் அவர் கை காலைத்தான் பார்ப்பார்களாம். "வண்டி நல்ல வண்டிதாம்மா. உன் நாத்தனார் பொறக்கறப்ப அதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பின்னாடி சீட் இல்லாம முன்னாடி உக்காந்துக்கிட்டு. ஆனா எனக்கு அது மேல ஆசைன்னு யாரு சொன்னது? அவன் ஆசையா வெச்சிருக்கானேன்னு நான் சும்மா இருந்தேன்."

இவர் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்காக இவர், பிள்ளைக்காக அம்மா, இரண்டு பேருக்காகவும் நான்! உள்ளே வந்து அத்தை கால்மாட்டில் உட்கார்ந்தார். வளையல் விஷயம் அவருக்கும் அன்றுதான் தெரியும்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. வேலூர்க்காரர் ஒருவர், ஏற்கெனவே ஒரு ஹெரால்டு வைத்திருப்பவர், பொங்கல் கழித்து வந்து பார்த்தார். 3,90,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பணம் பேங்கில் ஏறிய பிறகே சாவி கொடுத்தோம். இதில் ஏமாந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை, அந்த வண்டி விபத்தில் மாட்டினால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி. நகலை வாங்கி பீரோவில் வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. (மாமனார் போன புதிதில் ஃபாரம் 31 போட்டு இவர் பேருக்கு மாற்றாமல் விட்டிருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். அதை மூன்று மாதத்துக்குள் போட வேண்டும்.)

வண்டி போகிற அன்று காலையில் நான்தான் துடைத்தேன். டாஷ்போர்டைத் துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இவர் அழவில்லை. வேலூர்க்காரருக்குப் பானெட் கொக்கியை எப்படி மாட்டுவது என்று மூன்று தடவை காட்டிக் கொடுத்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போன் வரும். அரை மணி நேரம் கார்புரேட்டர் பேச்சு. நான் கண்டுகொள்வதில்லை.

உயரமான சீட் வேண்டும் என்பதற்காக ஐந்து வருஷம் ஓடிய வேகன்-ஆர் ஒன்று 3,35,000-க்கு வாங்கினோம். அத்தை முதல் தடவை மெத்தைத் துண்டு இல்லாமலே நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், "ஏண்டா, வண்டி ஓடுதா? சத்தமே காணோம்" என்று கேட்டார்கள்.

பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் 18,000 போக, கையில் 37,000 மிச்சம். அதை அப்படியே கவரில் போட்டு இவர் அத்தையிடம் நீட்டினார். இரண்டு வளையலுக்கு எங்கே போவது, ஒரு பவுனுக்கே காணாது, இருந்தாலும் கொடுத்தார். அத்தை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். "வளையல் போட்டுக்கிட்டு எங்க போகப் போறேன்? பாத்ரூம்ல பிடிச்சுக்க ரெண்டு கைப்பிடி போடச் சொல்லும்மா."

டாய்லெட் பக்கம் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, துருப்பிடிக்காத ஸ்டீலில். டவல் மாட்டுகிற கம்பி ஆள் கனம் தாங்காது, அதை நம்பாதீர்கள். அத்தையை நிற்க வைத்து, கை எட்டுகிற உயரத்தைப் பென்சிலால் குறித்து, மாமனாரின் டூல் பாக்ஸிலிருந்து ஸ்பானர் எடுத்து இவரே மாட்டினார். மாட்டிவிட்டுத் தாமே தொங்கிப் பார்த்தார்.