கிளிநொச்சிக்குத் தனி ஆசனம் வேண்டும்

கிளிநொச்சிக்கெனத் தனித் தொகுதி எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே உளர். விகிதாசார முறை வந்தபின் எல்லாரும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து வாக்காளரே. வெல்பவர் குடாநாட்டவராயினும் வன்னியராயினும் தமிழருக்கே பேசுவர் என்பது அவர்தம் வாதம். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் கற்ற தமிழரிடையே இவ்வாதம் எளிதில் விலைபோகின்றது. கமக்காரருக்குக் கேடு விளைக்கும் இவ்வாதத்தை நாம் மறுக்கின்றோம்.

கிளிநொச்சித் தொகுதி எவரும் இரங்கி ஈந்த கொடையன்று. 1947இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தொகை 95. 1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் அதனை 151 ஆக்கிற்று. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம். அதன்மேல், ஏறத்தாழ 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு ஓர் ஆசனமாக நாடு முழுவதற்கும் 25 ஆசனங்கள். இதுவே அன்றைய அளவுகோல். நிலம் பரந்து மக்கள் குறைந்த இடங்களில், காடு வெட்டிக் கழனி திருத்துவோரின் குரல் பட்டினத்தார் குரலில் அமிழ்ந்துவிடலாகாது என்பதே நிலப்பரப்புக்கு இடமளித்ததன் பயன். அவ்வாறு பிறந்த கிளிநொச்சித் தொகுதி 1960 மார்ச் மாதத்தில் தன் முதல் உறுப்பினராகத் தமிழரசுக் கட்சியின் அ. சிவசுந்தரத்தைத் தெரிவு செய்தது.

அத்தொகுதியின் வாக்காளர் யாவர்? இரணைமடு நீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து சென்று குடியேறியோர் ஒரு சாரார். 1958இலும் 1977இலும் மூண்ட வன்செயல்களுக்குப் பின்னர் வன்னியிற் புகலிடம் தேடிய மலைநாட்டுத் தமிழர் மற்றொரு சாரார். இவர்களுள் எத்தனை பேர் வாக்குரிமையற்று வந்தனர் என்பதை மறக்கலாமோ? 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டின் சட்டம் வாக்கையும் பறித்தது. ஆயினும் 1959இல் தொகுதி பிரித்தபோது, தோட்டத் தொழிலாளரின் தலைகள் மக்கள் தொகையில் ஒன்றுவிடாது எண்ணப்பட்டன. அத்தலைகளால் மலைநாட்டிற் பெருகிய ஆசனங்களுக்கு வாக்களித்தவர் வேறு, அமர்ந்தவர் வேறு.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அளவுகோலை மாற்றியது. மாவட்டங்களுக்கு ஆசனம் பங்கிடும்போது 160 ஆசனங்களுக்கு மக்கள் தொகை நீங்கி, வாக்காளர் இடாப்பு அடிப்படையாயிற்று. நிலப்பரப்புக்குரிய தனி எண்ணிக்கையும் போய், மாகாணத்துக்கு நான்கு என 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர்ப் போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, கடல் கடந்தோர் தொகை பெருகியது. விளைவு யாது? 1989இல் 11 உறுப்பினரை அனுப்பிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பேரை அனுப்பியது. 2015இல் 7 பேரை. 2024இல் 6 பேரை. தலைகளை எண்ணிய காலத்தில் நம் தலைகள் பிறருக்கு ஆசனம் ஈட்டின. பெயர்களை எண்ணும் காலத்தில் நம் பெயர்கள் இல்லாமையால் ஆசனம் குறைந்தது. இரு வகையிலும் இழந்தவர் நாமே.

இச்சுருக்கத்தில் முதலில் நெரிபடுவது கிளிநொச்சியே. அம்மாவட்டத்தின் பதினொரு வாக்களிப்புப் பிரிவுகளுள் பத்து, குடாநாட்டையும் தீவுகளையும் சார்ந்தவை. வாக்காளரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் கிளிநொச்சியில் உள்ளனர். ஆசனங்களும் ஆறு. கணக்கின்படி ஓர் ஆசனம் அவர்களுக்குரியது. தம் வாக்குகளை ஒன்றுதிரட்டி அவர்கள் ஒருவரை அனுப்பக்கூடும். ஆயினும், அனுப்பியே தீருவர் என்று எந்தச் சட்டமும் உறுதி கூறவில்லை. உரிமையாய் இருக்கவேண்டியது ஒவ்வொரு தேர்தலிலும் சூதாட்டமாய் முடிகின்றது.

யார் வென்றாலும் ஒன்றே என்போர் இரணைமடுவை எண்ணிப் பார்ப்பாராக. அக்குளத்து நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் முன்வந்தபோது, சிறுபோகத்துக்கே நீர் போதாத எங்கள் வயல்கள் என்னாகும் என்று கமக்காரர் எதிர்த்தனர். குடாநாட்டு மக்களின் தாகமும் பொய்யன்று. கமக்காரரின் அச்சமும் பொய்யன்று. ஈற்றில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. இரு சாராரும் தமிழர்; நலனோ இரண்டு. இத்தகைய வழக்கில் ஒரு சாராருக்கு மட்டும் உறுதியான பிரதிநிதி இல்லையெனின் அது நீதியாகுமா?

தனித் தொகுதி கேட்பது தமிழர் ஒற்றுமையைக் குலைக்கும் என்றும் சிலர் அஞ்சுவர். பெரியவன் பேச, சிறியவன் வாய்மூடி நிற்பது ஒற்றுமையன்று. கொழும்பில் நீதி கேட்கும் நாம், நம் வீட்டுக்குள் அந்நீதியை மறுத்தல் தகுமா?

எனவே நாம் வேண்டுவன இவை: எந்தத் தேர்தல் சீர்திருத்தம் வரினும் கிளிநொச்சி தனித் தொகுதியாக நிலைபெறல் வேண்டும். நிலப்பரப்புக்குரிய நிறை 1959இற்போல மீளல் வேண்டும். போரால் இடாப்பிலிருந்து பெயர்கள் அகன்ற மாவட்டங்களுக்கு அதனால் ஆசன இழப்பு நேராதவாறு காப்பு வேண்டும்.

இவற்றை வேண்டிப் பெறுவது யார் கடன்? மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஆதரவாக ஒரு வாக்குத்தானும் இன்றிப் பாராளுமன்றத்தில் தோற்றது. அதன் பின்னர் மாகாண சபைத் தேர்தல் ஆண்டுக்கணக்காகத் தடைப்பட்டது. எல்லைக் கோடு ஒன்று தவறினால் வாக்குரிமையே முடங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வழக்கறிஞரே, நில அளவையாளரே, கணக்காளரே! ஆணைக்குழு முன் செல்லும் விண்ணப்பம் உங்கள் கையால் எழுதப்படல் வேண்டும். கமக்காரத் தோழர்களே! உங்கள் வீட்டில் வாக்களிக்கும் வயதெய்திய ஒவ்வொருவர் பெயரும் இடாப்பில் உளதா என்று கிராம அலுவலரிடம் இவ்வாண்டே கேட்டறியுங்கள். விதைக்கும் பருவம் தவறினால் அறுவடை இல்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.