படம் முடிந்ததும் பேச்சு தொடங்கட்டும்

கிராமத்தில் விவசாயப் படம் காட்டுவது நமக்குப் புதிதல்ல. அரசு ஜீப்பில் படக்கருவி வந்து இறங்கியதையும், பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டியதையும் மூத்த விவசாயிகள் நன்கு அறிவார்கள். என்ன உரம் இடுவது, எந்த மருந்தை அடிப்பது என்று படத்தில் ஒரு குரல் சொல்லும். படம் முடிந்ததும் ஜீப் புறப்பட்டுவிடும். "மானாவாரி நிலத்துக்கு இது ஒத்து வருமா?" என்று கேட்க நினைத்தவரின் கேள்வி அவரிடமே தங்கிவிடும்.

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. ஊர்ப் பொதுப் பெட்டியின் முன் மக்கள் கூடி விவசாய நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். பெரிய முயற்சிதான், ஆயினும் பேசியவர் ஓரிடம், கேட்டவர் வேறிடம்.

இந்த முறையைத் தலைகீழாக்கிக் காட்டியவர்கள் தெலங்கானாவில், ஜஹீராபாத் வட்டாரத்து ஏழைப் பெண்கள். பஸ்தாபூரில் இயங்கும் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பு, 1990களின் பிற்பகுதியில் அவர்களுக்கு வீடியோ கேமராவைக் கையாளப் பயிற்சி அளித்தது. பலர் எழுதப் படிக்கத் தெரியாத தலித் விவசாயிகள். பேசுபவரின் கண்மட்டத்துக்கே கேமராவை வைத்து எடுக்கும் காட்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சங்கம் ஷாட்'. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சமமாகத் தரையில் உட்காருவதுதான் அதற்குக் காரணம். சோளமும் கம்பும் விதைப்பது, விதையைக் காப்பது ஆகியவற்றைத் தாங்களே படமாக்கித் தங்கள் மக்களுக்குக் காட்டினார்கள்.

2002ல் பி.டி. பருத்திக்கு அரசு அனுமதி அளித்தபின், இவர்கள் வாரங்கல் மாவட்டத்துக்குச் சென்று, பயிரிட்டவர்களின் செலவையும் மகசூலையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்தார்கள். 2005ல் மூன்று பி.டி. ரகங்களுக்கு ஆந்திரப் பிரதேசத்தில் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அது படத்தின் விளைவு என்று சொல்வதற்கில்லை. பின்னர் வேறு பி.டி. ரகங்கள் நாட்டின் பருத்திப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன என்பதும் உண்மை. ஆனால் விளம்பரம் ஒரு கணக்கைச் சொன்னபோது, வயல் சொன்ன கணக்கும் ஊர் முன் வந்தது. அதுவே பெரிய காரியம்.

"இப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, ஊர் கூடிப் படம் பார்ப்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். செல்போனில் ஒருவர் தனியாகப் பார்க்கிறார். சொல்வது சரியா என்று சோதிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. ஊர்ப் பொதுவில் பார்க்கும்போது தலைமடை விவசாயியும், கடைமடை விவசாயியும், குத்தகைக்காரரும், நாற்று நடும் பெண்ணும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். தண்ணீர் யாருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, ரேஷன் கடையில் சிறுதானியம் கிடைக்குமா என்ற கேள்விகள் அங்குதான் எழும். உணவில் நியாயம் என்பது இந்தக் கேள்விகள்தான்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்திய மாலையில் ஊராட்சி ஒரு விவசாயப் படம் காட்டலாம். அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். விதை, பூச்சிமருந்து விற்பவர்களின் பணத்தில் படம் காட்டக்கூடாது. அரை மணி நேரம் படம் என்றால், அரை மணி நேரமாவது பேச்சு இருக்க வேண்டும். பெண்கள் அடுப்பு வேலை முடித்து வரும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். வேளாண்மை அலுவலர் மேடையில் அமராமல் மக்களோடு உட்கார்ந்து கேள்விகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் கிடைக்காத கேள்வி மறுநாள் கிராம சபையில் தீர்மானமாக வர வேண்டும்.

காலப்போக்கில் நம் ஊர் இளைஞர்களும் பெண்களும் நம் வயலையே படம் எடுக்கட்டும். இயற்கை உரத்தில் வந்த லாபத்தோடு, முதல் ஆண்டு விழுந்த மகசூலையும் மறைக்காமல் காட்டட்டும். நஷ்டக் கணக்கையும் சொல்லும் படத்தைத்தான் விவசாயி நம்புவார்.