சிவப்பு மை

நான் படித்த ஹைஸ்கூலிலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. பழைய மாணவர்கள் ஒன்றுகூடி விழா நடத்துகிறார்களாம். மலர் ஒன்றும் வெளியிடுகிறார்களாம். “தாங்கள் எழுத்தாளராக இருப்பதால், பள்ளிப் பருவத்தின் மறக்க முடியாத இனிய தருணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும்” என்று கேட்டிருந்தார்கள். ‘இனிய’ என்ற சொல்லுக்கு அடியில் யாரோ பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். என் சுபாவம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன். இனிமைக்கு என்ன பஞ்சம்? போடிநாயக்கனூரில் படித்தவன் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை நிற்கும். மழை மேகம் போடிமெட்டில் இறங்கினால், பாடத்தை விட்டுவிட்டு உபாத்தியாயரே அந்தப் பக்கம் பார்ப்பார். கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் வந்த நாட்கள், பரமசிவன் மலைப் படிகள், கல்லெறிந்து வீழ்த்திய மாங்காய், மதுரையிலிருந்து ஆடி அசைந்து வந்து சேரும் மீட்டர் கேஜ் ரயில். (அந்த ரயிலை அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள், 2023 ஜூனில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் ஊரில் பிறந்த குழந்தைகள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டன.) எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. படித்துப் பார்த்தேன், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தொன்றாம் நம்பர் அதில் இல்லை.

முப்பத்தொன்று என்பது எங்கள் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் எண். வருஷம் 1994. தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதப் போவதில்லை, அவள் என்னிடம் அனுமதி தரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. நான் ஸ்லேட்டுக் காலத்து வழக்கப்படி விரல் மடக்கிக்கொண்டிருக்கும்போது அவள் விடை சொல்லி முடித்து உட்கார்ந்திருப்பாள்.

ஆடி பிறந்ததும் அவள் இடம் காலியாகும். அவள் இடம் மட்டுமா? விடியுமுன் நான்கு, நான்கரை மணிக்கே எங்கள் தெருக்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். இருட்டும்போது திரும்புவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், மலைப் பாதை வேறு கணக்குச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் கவிழ்ந்த ஜீப்புகளின் செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

காய் எடுப்பதை மாமரத்தில் காய் பறிப்பதுபோல எண்ணிவிடக் கூடாது. ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கும். காயோ செடியின் தூரில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் கிடக்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். முற்றிய காயை எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். ஆகவே ஒரே செடிக்கு மாதம், மாதம் ஒன்றரைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆடியில் தொடங்கினால் தை வரைக்கும் இழுக்கும். மேலே மழை, காலில் அட்டை. நான்கைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். அந்த ஒரு கிலோ 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஏழாயிரம் ரூபாய் வரை தொட்டது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. கூடையைத் தூக்கியவளுக்கு எவ்வளவு போயிற்று என்று கொட்டை எழுத்தில் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் ஏதோ தர்ம சிந்தனையில் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் தகப்பனார் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டுச் சாப்பாடும், என் டியூஷன் பணமும், கல்லூரியில் நான் கொஞ்ச காலம் குப்பை கொட்டியதும் அந்தக் காயிலிருந்து வந்ததுதான். அவள் எடுத்த காய் எங்கள் அப்பா எழுதிய பேரேட்டில் எங்கேயோ ஒரு வரியாக ஏறியிருக்கும். ஒரே செடி என்னைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்தது. அவளை வெளியே இழுத்தது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் மாதப் பிறப்பில் வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வகுப்பு உபாத்தியாயர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுத வேண்டும். வகுப்பில் அதற்கு ஏகப்பட்ட மதிப்பு. அந்த வருஷம் ஐப்பசியில் அவர் சிவப்பு மைப் பேனா ஒன்றை என்னிடம் கொடுத்து, நீண்ட நாள் வராதவர்களின் பெயருக்கு எதிரே ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னார். போட்டேன். கோடு கோணாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அப்போது என் கவலை. முப்பத்தொன்றாம் நம்பர் வந்தபோது கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். இது கதை இல்லை.

தை கடைசியில் அவள் தாயாரோடு வந்தாள். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருந்தது.

“காயெடுப்பு முடிஞ்சுபோச்சுங்க சார். இனிமே புள்ள ஒழுங்கா வந்துரும்” என்றாள் அந்த அம்மாள்.

“காலாண்டும் எழுதலை, அரையாண்டும் எழுதலை. பேரையும் எடுத்தாச்சு. இனிமே வந்து என்னம்மா செய்யறது? ஆனியிலே பார்ப்போம்” என்றார் உபாத்தியாயர். கொடுமைக்காரர் அல்ல அவர். கையில் பிரம்பு வைத்திருந்ததையே நான் பார்த்ததில்லை. விதியை ஒப்பித்தார், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் இரண்டு நிமிஷம் நின்றாள். பிறகு, “சரிங்க சார்” என்று கிளம்பினாள். அவள் மகள் என்னைப் பார்த்தாளா, என் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தாளா, தெரியாது. ஆனி வந்தது, அவள் வரவில்லை. அடுத்த வருஷம் நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்துக் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது விழா மலரின் அட்டையில் வரப் போவது அந்தப் படம்தான்.

என் மறக்க முடியாத தருணம் இது. இதை மலரில் போடுவார்களா?

2018-ல் ‘96’ என்ற படம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பழைய மாணவர் கூட்டங்கள் பெருகிவிட்டன. படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மண்டபம் எடுத்து, ஒரே நிறத்தில் சட்டை தைத்து, ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒருவரையொருவர் “டேய்” என்று கூப்பிட்டு ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். விடட்டும். ஆனால் யார் ‘பழைய மாணவர்’? கடைசிப் பரீட்சை எழுதியவர் மட்டும்தானா? அழைப்பிதழ் அனுப்பும் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து. மூன்று வருஷம், நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் கடன் கொடுத்தவர்கள் அதில் இல்லை. எங்கள் வகுப்பில் ஆறாவதில் ஐம்பதுக்கு மேல் இருந்தோம். போட்டோவில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்துநான்கு தலை. மிச்சப் பேருக்கு இளமையே இல்லையா? பள்ளிக்கூடம் பொற்காலம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அதை முடித்தவர்கள். கப்பல் கவிழ்ந்த பிறகு கரையேறியவர்களை மட்டும் கேட்டுவிட்டுக் கடல் பிரயாணம் பரம சுகம் என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பள்ளிக்கூட வாசல்களில் ‘100 சதவீதம் தேர்ச்சி’ என்று பலகை கட்டுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். நூறு பேரில் எழுபது பேரைப் பரீட்சைக்கு அனுப்பி, எழுபதும் தேறினால் நூறு சதவீதம்! முப்பது பேரை ஒன்பதாவதிலேயே கழித்துவிட்டால் பலகை தானாக வந்துவிடும். முப்பத்தொன்றாம் நம்பரால் இந்தக் கணக்கை ஒரு நிமிஷத்தில் பிடித்துக் காட்டியிருக்க முடியும்.

என் நண்பர் ஒருவர், தேயிலைக் கம்பெனியில் அதிகாரி, நான் இதைச் சொன்னதும் சிரித்தார். “வீட்டு வறுமைக்குப் பள்ளிக்கூடம் என்ன ஐயா செய்யும்?” என்றார். நல்ல கேள்வி. இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு காமராஜர் சும்மா இருந்திருந்தால் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு வந்திருக்காது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கினார். 1984-ல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை அதை நீட்டினார்கள். அந்தச் சோறு இல்லாவிட்டால் அந்தப் பெண் ஆறாவதையே பார்த்திருக்க மாட்டாள். பசியைப் பள்ளிக்கூடம் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதே, காயெடுப்பு மாதங்களை ஏற்றுக்கொள்ளக் கூடாதா?

இன்னொரு ரகத்தார் உடனே பாய்வார்கள்: “ராஜாஜியின் 1953-ம் வருஷத்துத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாயா? அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழிலா?” ஐயா, அதைக் குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, மறு வருஷமே கைவிடப்பட்டது, அதுதான் சரி. பிள்ளை அரை நாள் காயெடுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் ஒரு நாள்கூட மலை ஏறக் கூடாது என்கிறேன். ஆனால் ஏறிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறவளைத் துரத்தாதே என்கிறேன். தவறிய பரீட்சைக்கு மறு பரீட்சை வை. எடுத்த பெயரை மறுபடி எழுது. இதற்குக் கஜானாவிலிருந்து என்ன செலவு? ஒரு சொட்டு நீல மை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அருமையான சட்டம். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் யாருக்கு? ஆறு முதல் பதினான்கு வயது வரை. எட்டாம் வகுப்போடு சட்டம் கையைக் கழுவிவிடுகிறது. ஹைஸ்கூல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்! இன்னொரு சட்டம் பாருங்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேலே பதினெட்டு வரைக்கும் அபாயகரமான தொழிலுக்கு மட்டும்தான் தடை. ஆக, பதினான்காம் பிறந்த நாளன்று ஒரு சட்டம் பள்ளிக்கூடக் கதவைப் பிடித்திருந்த கையை விடுகிறது; அதே நாளில் இன்னொரு சட்டம் தோட்டத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

தமிழ்நாட்டு அரசு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது, பதினொன்றாம் வகுப்பில். 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது, கல்லூரிக்குப் போன பிறகு. இரண்டும் நல்லவை, குறை சொல்கிறவன் நாக்கு அழுகும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அந்த ஐந்தாறு மாதம்தானே பள்ளம்? பள்ளத்தைத் தாண்டியவர்களுக்கு அக்கரையில் பரிசு வைத்துக் காத்திருக்கிறோம். பாலத்தை யார் போடுவது?

மலர்க் குழுவுக்குப் பதில் எழுதிவிட்டேன். இனிய தருணங்கள் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, எங்களோடு படித்து நடுவில் நின்றவர்களின் பெயர்களை ஒரு பக்கத்தில் போடும்படியும், இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன். பெயர் போட அவரவர் சம்மதம் வாங்குவதும் அவர்கள் பொறுப்பு. முதலில் தேடிப் போகட்டும், சம்மதம் தானாக வரும். கடைசி அட்டை ஒரு ஏலக்காய் வியாபாரியின் விளம்பரத்துக்குப் போய்விட்டதாம்; உள் பக்கம் ஒன்று போதும் எனக்கு. ஞாபகத்தில் இருந்த பதினோரு பெயர்களை என் கையாலேயே எழுதி அனுப்பினேன். இரண்டு பேருடைய இனிஷியல் தெரியவில்லை. பழைய பதிவேடுகள் அலுவலக அறையின் இரும்பு பீரோவில், அடித்தட்டில் இருக்கும். 1994, ஒன்பதாம் வகுப்பு. கோடு சிவப்பு மையில் போட்டது, பெயரை மறைத்திருக்காது.