போடியாரின் தொந்தியும் எமது சீனி வருத்தமும்

மட்டக்களப்பில் ஒரு காலத்தில் தொந்தி என்றால் அது போடியாரின் தொந்திதான். வட்டையில் இறங்கி உழுதவனுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் வயிறு ஒட்டியே இருந்தது. குடை பிடித்து வரம்பில் நின்றவருக்கு வயிறு முன்னே வந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் ஒருவர் பருத்துவிட்டால், "என்ன, வசதி வந்திட்டுப் போல" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை இனி நாம் கேட்கக்கூடாது என்பதே எமது கருத்து.

2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் நகரோரத்திலேயே தங்கிவிட்ட ஒரு தாயுடன் அண்மையில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தோம். அவருக்குச் சீனி வருத்தமும் பிரசரும் இருக்கின்றன. "வாயைக் கட்டுங்க அம்மா" என்பதோடு அனுப்பிவிட்டார்கள். அதே தாயின் கடைசி மகள் நிறை குறைந்த பிள்ளை என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே அடுப்பு, ஒரே பானை. தாய் பருக்கிறார், பிள்ளை மெலிகிறது. இது வாய் செய்த குற்றமா?

ஊரில் இருந்தபோது அவர் உண்டது சொந்த வயலின் சிவப்பரிசிச் சோறு, வாவி மீன், வேலியோர முருங்கையிலை, வீட்டுப் பசுவின் மோர். இடம்பெயர்ந்தபோது நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த உணவு அது; குறை சொல்ல மாட்டோம். ஆனால் நிவாரணம் நின்ற பின்னரும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை. அன்றன்று கிடைக்கும் கூலிக் காசில் மீனும் மரக்கறியும் வாங்க முடியாதவர் பாணும் சம்பலும் வாங்குகிறார், இரவில் ரொட்டி சுடுகிறார், இடையில் பசிக்குச் சீனி கூடிய தேநீர் குடிக்கிறார். வயிறு நிரம்புகிறது. வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்து அதில் இல்லை. நாற்பது வயதுத் தாய்க்கோ அது கொழுப்பாகச் சேர்கிறது. நாற்று நட்டுக் களை பிடுங்கிய உடம்பு இப்போது தையல் இயந்திரத்தின் முன்னே நாள் முழுக்க அமர்ந்திருக்கிறது. கோதுமை எமது நாட்டில் விளைவதே இல்லை என்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

2005-2006இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் நகரத்தில் நூற்றுக்கு 16 பேருக்கும் கிராமத்தில் 9 பேருக்கும் நீரிழிவு காணப்பட்டது. வருமானமும் படிப்பும் கூடியவர்களிடையேதான் உடற்பருமன் அதிகம் என்றும் அது காட்டியது. அப்படியானால் போடியார் கதை இன்னும் மெய்தானே என்று கேட்கலாம். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த ஆய்வில் எமது மக்களை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பிரேசில் நாட்டிலும் 1970களில் வசதியானவர்களே பருத்திருந்தார்கள். 1990களின் முடிவுக்குள் அங்கே பணக்காரப் பகுதிகளின் நகரங்களில் நிலைமை மாறி, ஏழைப் பெண்களிடையே பருமன் கூடியது. வசதியுள்ளவர் பழமும் மீனும் வாங்கினார், நேரம் ஒதுக்கி நடந்தார். ஏழைக்கு மலிவான மாவும் சீனியும் எண்ணெயும் மிஞ்சின. எமது நகரோரங்களும் அந்தப் பாதையில்தான் போகின்றன என்று அஞ்சுகிறோம்.

எம்மிலும் பிழை உண்டு. எமது கூட்டங்களுக்கு வரும் தாய்மாருக்குப் பணிசும் கலர் சோடாவும் கொடுத்துத்தான் போஷாக்குப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவித்த கச்சானோ பயறோ கொடுக்க எமக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

இதற்கு மருந்துக் குளிசை மட்டும் போதாது. வீட்டுத் திட்டம் என்று பத்துப் பேர்ச்சஸ் காணியில் வீட்டைக் கட்டிக் கொடுப்பவர்கள், முருங்கை நடவும் நாலு கோழி வளர்க்கவும் எங்கே இடம் என்று கேட்பதில்லை. வயற்காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் அதைக் கேட்டு எழுதும் மனுவில், உறுதி இலக்கத்தோடு வீட்டில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம் என்பதையும் எழுதட்டும். அந்தத் தாயின் மனுவை அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.