மருந்துக் கடைச் சோதனை: சாவுக்கு முன்னா, பின்னா?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா ஜில்லாவில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. இருமலுக்கும் ஜுரத்துக்கும் பெற்றோர் நம்பிக் கொடுத்த ‘கோல்ட்ரிப்’ சிரப்பே எமனாக வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் பலியாயின. அந்தச் சிரப் தயாரானது வேறெங்கோ அல்ல. நமது காஞ்சிபுரம் ஜில்லா, சுங்குவார்சத்திரத்தில்! தமிழக அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, சிறுநீரகத்தை நாசமாக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 தான்.

பிறகுதான் அதிகார இயந்திரம் கண் விழித்தது. பல மாநிலங்களில் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை, பாட்டில்கள் பறிமுதல், கம்பெனி லைசென்ஸ் ரத்து, ஆய்வாளர்கள் இருவர் சஸ்பெண்டு. எல்லாம் வேண்டியவைதாம். ஆனால், ஓரிரு நாளில் கண்டுபிடிக்க முடிந்த விஷத்தைக் குழந்தைகள் சாகுமுன் கண்டுபிடிக்காதது ஏன்?

இது முதல் தடவையும் அல்ல. 1972ல் சென்னையில், 1986ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், 2019-20ல் ஜம்முவின் ராம்நகரில் இதே விஷம்தான் உயிர் குடித்தது. ஒவ்வொரு முறையும் விசாரணை, அறிக்கை, பிறகு மறதி!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1940ம் வருட மருந்துச் சட்டமும் 1945ம் வருட விதிகளும் ஒவ்வொரு மருந்துக் கடையையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் சோதிக்கச் சொல்கின்றன. ஆய்வாளர் கடைக்குள் நுழைந்து பில்லையும் இருப்பையும் பார்க்கலாம். விலை கொடுத்து மாதிரி எடுத்து, பங்கிட்டு முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.

அதிகாரம் உண்டு, ஆட்கள் எங்கே? 200 கடைகளுக்கு ஒருவர், 50 தொழிற்சாலைகளுக்கு ஒருவர் என ஆய்வாளர் வேண்டும் என்று 2003லேயே மஷேல்கர் கமிட்டி சொன்னது. தமிழ்நாட்டில் நடக்க வேண்டிய சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கு 2016-17ல் நடக்கவேயில்லை என்று தணிக்கைத் துறையின் 2024ம் வருட அறிக்கை அம்பலப்படுத்தியது. மக்கள் உயிரைக் காக்க ஆள் போடுவதற்குத்தான் சர்க்காருக்குச் சிக்கன புத்தி வருகிறது!

நடக்கும் சோதனைகளும் யார் தலையில் விடிகின்றன? தெருமுனைச் சிறு கடைக்காரர் தலையில். மூடி முத்திரையிட்டு வந்த பாட்டிலுக்குள் இருக்கும் விஷத்தை அவர் எப்படி அறிவார்? மருந்து கடைக்கு வருமுன் தொழிற்சாலையையும் மொத்த வியாபாரியின் கிடங்கையும் கடந்து வருகிறது. சோதனை அங்கே ஆரம்பிக்க வேண்டும்.

அதற்காகக் கடை முதலாளிகளின் குற்றங்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருந்துதான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948ம் வருடச் சட்டம். ஆனால் எத்தனையோ கடைகளில் சர்டிபிகேட் சுவரில் தொங்குகிறது, ஆளைக் காணோம். கால் கடுக்க நின்று, டாக்டர் சீட்டைப் படித்து மருந்து கொடுப்பவர் சொற்பச் சம்பளத்துக்கு வந்த பயிற்சியில்லாத இளைஞர். தவறு நேர்ந்தால் பழி அவர் மீது, லாபம் முதலாளிக்கு! சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதும் இப்படித்தான் நடக்கிறது. ஆய்வாளர் பெட்டியை மட்டும் பார்த்தால் போதாது; பெட்டிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2023ல் ‘ஜன் விஷ்வாஸ்’ சட்டம் கொண்டுவந்து, தரக்குறைவான மருந்து சம்பந்தப்பட்ட 27(டி) பிரிவுக் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்துவிட்டது. ‘விஷ்வாஸ்’ என்றால் நம்பிக்கை. யார் மீது நம்பிக்கை? மருந்து முதலாளிகள் மீதா, மருந்து குடிக்கும் மக்கள் மீதா?

நாம் கோருகிறோம்: ஆய்வாளர், ஆய்வுக்கூடச் சிப்பந்திகள் காலியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். தொழிற்சாலை, கிடங்கு, கடை மூன்றையும் தவறாமல் சோதித்து, முடிவுகளைத் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். 27(டி) சலுகையை ரத்துச் செய்ய வேண்டும். கடைச் சிப்பந்திகளுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் வேண்டும். சோதனை முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் ஜில்லாக் கமிட்டிகளில் தொழிற்சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இடம் வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். அதில் பாட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்மசிஸ்ட் எங்கே என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் பில்லைப் பார்த்து விஷத்தைக் கண்டுபிடிக்கத் தாயால் முடியாது. அது சர்க்காரின் கடமை.

குழந்தை செத்த பிறகு வருவது சோதனையல்ல, பிரேத விசாரணை. சாவுக்கு முன் சோதனை செய்யும்படி சர்க்காரை நிர்ப்பந்திக்க மக்கள் இயக்கத்தால்தான் முடியும். அந்த இயக்கத்தை ஒவ்வொரு ஊரிலும் கட்டுவோம்!