குழந்தையின் தலைவலியும் ஹிருதயத்தின் கதவும்

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் வேளையில் குழந்தை, "அம்மா, தலையை வலிக்கிறது" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "இன்றைக்குக் கணக்குப் பரீக்ஷையோ?" என்று பரிகாசம் செய்கிறோம். அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே ஹிருதயத்தில் துவாரம் இருக்குமானால், பரிகாசம் செய்யுமுன் சற்று யோசிப்பது நல்லது.

கர்ப்பத்திலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை. ஆகையால் ரத்தம் முழுவதும் நுரையீரலைச் சுற்றி வர வேண்டியதில்லை. ஹிருதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு நேரே செல்வதற்கு இயற்கை ஒரு சிறு கதவை வைத்திருக்கிறது. பிறந்தபின் அது சாத்திக்கொண்டு, நாளடைவில் ஒட்டிவிடும். ஆனால் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்கு, வயது வந்த பின்னும் அது முழுதும் ஒட்டுவதில்லை. பெரும்பாலோர் அதை அறியாமலே ஆயுளைக் கழிக்கிறார்கள். சிலருக்கோ சுவரிலேயே குறை இருந்து, பெரிய துவாரமாக நின்றுவிடுகிறது.

இதற்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்? கண்முன் மின்னல் போன்ற கோடுகள் தோன்றி, அதன்பின் வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இந்தத் திறந்த கதவு அதிகமாகக் காணப்படுகிறது. நுரையீரல் ரத்தத்துக்கு ஒரு சல்லடையுமாகும். ஸெரொடோனின் போன்ற பொருள்களையும், உறைந்த ரத்தத் துணுக்குகளையும் அது நிறுத்திவிடுகிறது. இருமும்போதும் முக்கும்போதும் கதவின் வழியே குறுக்கே பாயும் ரத்தம், சல்லடைக்குத் தப்பி மூளையை அடைகிறது. வலி அதனால் கிளம்பலாம் என்பது நிபுணர்களின் ஊகம்.

ஊகம் பரீக்ஷைக்கு நிற்க வேண்டுமல்லவா? பிரிட்டனில் வயது வந்த 147 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. கதவை அடைத்த 74 பேரில் தலைவலி அடியோடு நின்றவர்கள் 3 பேர். அடைத்ததாகப் பாவனை மட்டும் செய்த 73 பேரிலும் 3 பேர்! தலைவலிக்காக மட்டும் கதவை அடைக்க அவசரப்படலாகாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் ரத்தத்தைச் சோதித்து உண்மையை அறியலாமே? 1990-ல் கோட்ஸ்பி, எட்வின்ஸன் முதலிய ஆராய்ச்சியாளர், வலி தாக்கும்போது கழுத்து நாளத்தில் எடுத்த ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருள் மிகுந்திருக்கக் கண்டார்கள். அதன் வேலையைத் தடுக்கும் மருந்து, வயது வந்தோருக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்தப் பொருள் ரத்தத்தில் சில நிமிஷங்களில் சிதையத் தொடங்கிவிடுகிறது. கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தைக் கொண்டு, "இது ஒற்றைத் தலைவலிதான்" என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை இன்னும் வைத்தியசாலை வழக்கத்துக்கு வரவில்லை.

ஆகவே, இன்றைக்கு முக்கிய சாட்சி குழந்தையின் வாய்ச்சொல்தான். வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, வாந்தி உண்டா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லையா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாயார் குறித்து வரட்டும். குழந்தைகளுக்கு இந்த வலி இரு பக்கமும் வரலாம். இரண்டு மணி நேரத்தில் தணிந்தும் விடலாம். விளையாடப் போய்விட்டான் என்பதால் வலி பொய்யாகிவிடாது.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. ஹிருதயக் குறையுள்ள குழந்தைக்குத் திடீரென்று கடுந் தலைவலியுடன் ஜுரமோ, கை கால் சோர்வோ, பேச்சுத் தடுமாற்றமோ கண்டால், ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ரத்தத் துணுக்கோ சீழோ மூளையைத் தாக்கியிருக்கக்கூடும்.

ரத்தம் பேசும் காலம் வரட்டும். அதுவரை, குழந்தை பேசுவதை நம்புவோம்.